ஒரே வண்டியில் ஒன்பது பேர்: டிஸ்னிலாண்டுக்கு ஒரு சிக்கனப் பிரயாணம்

குடும்பம் பெரிதாயின் இன்பமும் பெரிது, செலவும் பெரிது. திருவிழாவுக்குப் போவதென்றாலும் கடற்கரைக்குப் போவதென்றாலும் வீட்டுத் தலைவர் முதலில் எண்ணுவது தலைகளைத்தான். உள்ளூரிலேயே இப்படியென்றால், பிள்ளைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு கடல் கடந்து இன்னொரு நாட்டுக்கு உல்லாசப் பிரயாணம் போவது நடக்கிற காரியமா என்று பலர் எடுத்த எடுப்பிலேயே கைவிட்டு விடுகிறார்கள். ஆயினும், இங்கிலாந்தில் வாழும் குடும்பங்கள் பல, நம்மவர் குடும்பங்கள் உட்பட, தங்கள் மோட்டார் வண்டியிலேயே பிரான்சுக்குச் சென்று, பாரிஸ் நகருக்கு அருகிலுள்ள டிஸ்னிலாண்ட் என்னும் விநோதப் பூங்காவைப் பார்த்துத் திரும்புகின்றன. அவர்கள் எல்லோரும் செல்வர்கள் அல்லர். கணக்கறிந்து புறப்பட்டவர்கள், அவ்வளவே.

லண்டனில் ஓர் உறவினராவது இல்லாத தமிழ்க் குடும்பம் இன்று நம்மிடையே அரிது. நாளை நாமும் விருந்தினராகச் சென்று அவ்வண்டியில் ஓர் ஆசனத்தைப் பெறக்கூடும். ஆகவே அந்தக் கணக்கை நாமும் சற்றுப் பார்த்து வைப்பது நன்று.

பூங்காவும் பாதையும்

வால்ட் டிஸ்னி தமது முதலாவது பூங்காவை அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்து அனஹைம் நகரில், 1955 ஜூலை 17 ஆம் திகதி திறந்தார். ஐரோப்பாவில் அதன் தங்கைப் பூங்கா 1992 ஏப்ரல் 12 ஆம் திகதி திறக்கப்பட்டது. பாரிஸுக்குக் கிழக்கே ஏறக்குறைய 32 கிலோமீற்றர் தூரத்தில், மார்ன்-லா-வலே என்னும் புதுநகர்ப் பகுதியில் அது அமைந்துள்ளது. அதன் பக்கத்திலேயே இரண்டாவது பூங்கா 2002 இல் திறக்கப்பட்டது.

லண்டனிலிருந்து பூங்காவின் வாசலுக்கே நேராகச் சென்ற யூரோஸ்ரார் புகையிரதச் சேவை 2023 இல் நிறுத்தப்பட்டு விட்டது. புகையிரதத்தில் போக விரும்புவோர் இப்பொழுது வழியில் வண்டி மாற வேண்டும். பெட்டிகளும் கைக்குழந்தையும் வயோதிபரும் உடனிருந்தால் அது எளிதன்று. பெரிய குடும்பத்துக்கு மோட்டார் வண்டியே உற்ற துணை.

லண்டனிலிருந்து தெற்கே கடற்கரைக்குச் சென்று, ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, பிரான்சின் கலே துறைமுகத்தை அடைந்து, அங்கிருந்து சுமார் 290 கிலோமீற்றர் ஓடினால் பூங்காவை அடையலாம். மொத்தம் 400 கிலோமீற்றருக்குச் சற்று மேல். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். கால்வாயைக் கடக்க இரு வழிகள் உண்டு. டோவரிலிருந்து வண்டியைக் கப்பலில் ஏற்றினால் ஒன்றரை மணி நேரம் செல்லும். மற்றது, 1994 இல் திறக்கப்பட்ட சுரங்கப் பாதை. அது 50 கிலோமீற்றர் நீளமுடையது. அதில் ஏறக்குறைய 38 கிலோமீற்றர் கடலடியில் உள்ளது. ஃபோக்ஸ்ரனில் வண்டியை அப்படியே புகையிரதத்தினுள் ஓட்டி ஏற்றிவிட்டு உள்ளே அமர்ந்திருந்தால் 35 நிமிடத்தில் பிரான்சு வந்துவிடும். இத்தனை நீர் நம் தலைக்கு மேல் நிற்கிறதே என்ற வியப்பு அடங்குமுன் அக்கரை வந்துவிடுகிறது.

இரண்டு வகைக் கணக்கு

பிரயாணத்தின் இரகசியம் முழுவதும் ஒரே ஒரு செய்தியில் அடங்கியிருக்கிறது. செலவுகள் இரண்டு வகை: வண்டிக்கு அறவிடப்படுவது ஒன்று, தலைக்கு அறவிடப்படுவது மற்றொன்று. முன்னதில் பெரிய குடும்பத்துக்கு இலாபம், பின்னதில் நட்டம். முன்னதைத் தேடிப் பிடிப்பதும் பின்னதைக் குறைப்பதுமே சிக்கனம்.

சுரங்கப் புகையிரதத்தில் கட்டணம் வண்டிக்கே. உள்ளே இருவர் இருந்தாலும் ஒன்பதின்மர் இருந்தாலும் தொகை ஒன்றே. ஒரு பேச்சுக்கு, கட்டணம் 180 பவுண் என்று கொண்டால், மூவர் குடும்பத்தில் ஆளுக்கு 60 பவுண். ஒன்பதின்மர் குடும்பத்தில் ஆளுக்கு 20 பவுண். கப்பலில் இந்த விதி கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். ஆதலால் ஆட்தொகையைச் சொல்லியே விலை கேட்க வேண்டும். இரண்டிலும் நெரிசல் மிகுந்த நேரத்துக்கு ஒரு விலை, இரவுக்கும் அதிகாலைக்கும் ஒரு விலை. முன்கூட்டியே பதிவு செய்வோருக்கு நயம் உண்டு.

பெற்றோலும் நெடுஞ்சாலைச் சுங்கமும் அவ்வாறே வண்டிக் கணக்கு. ஆனால் பிரான்சுச் சுங்கத்தில் வண்டியின் உயரம் பார்க்கப்படும். இரண்டு மீற்றருக்கு மேற்பட்ட வண்டி மேல்வகுப்பில் சேர்ந்து கூடிய தொகை கட்டும். சுரங்கப் புகையிரதத்திலும் 1.85 மீற்றருக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு வேறு பெட்டி உண்டு. பதிவு செய்யும்போதே உயரத்தைச் சொல்லிவிட வேண்டும். புறப்படுமுன் வண்டியை அளந்து பார்த்தல் அறிவுடைமை.

ஒன்பதாவது ஆசனம்

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்வோம். தாய், தந்தை, 13, 11, 7, 2 வயதுப் பிள்ளைகள் நால்வர், அம்மம்மா, மாமா, மாமி. ஆக ஒன்பது பேர். வீட்டிலுள்ள வண்டியில் ஆசனங்கள் ஏழு. நம்மூர் வான் பயணத்தைப் போலப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போகலாம் என்று எண்ணுதல் கூடாது. ஒவ்வொருவருக்கும் தனி ஆசனமும் ஆசனப் பட்டியும் சட்டப்படி வேண்டும். பிரான்சில் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பொதுவாகப் பின் ஆசனத்திலேயே, தமது உடலுக்கேற்ற பிள்ளை ஆசனத்தில் அமர வேண்டும்.

இவ்விடத்தில்தான் பல வீடுகளில் பேச்சு நின்று விடுகிறது. "அம்மம்மாவும் வருவாதானே, அப்பா?" என்று சின்னவள் கேட்பாள். "நீங்கள் போய் வாருங்கோ, நான் வீட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்" என்று அம்மம்மா தாமாகவே சொல்வார். அவர் சொல்வது ஆசையின்மையால் அன்று; மகனுக்கோ மருமகனுக்கோ பாரமாகக் கூடாதே என்ற எண்ணத்தால்.

ஆனால் கணக்கோ வேறு விதமாகச் சொல்கிறது. பிரித்தானியாவின் சாதாரண மோட்டார் அனுமதிப்பத்திரம், சாரதியுடன் ஒன்பது ஆசனங்கள் உள்ள வண்டி வரைக்கும் செல்லும். சுரங்கப் புகையிரதத்தின் எல்லையும் ஒன்பதே. இரண்டு வண்டிகளில் சென்று இரட்டைக் கட்டணமும் இரட்டைச் சுங்கமும் கட்டுவதைவிட, ஒன்பது ஆசன வண்டி ஒன்றை வாடகைக்கு எடுப்பது பெரும்பாலும் மலிவு. வெளிநாட்டுக்குக் கொண்டு செல்ல அனுமதிக்கும் பத்திரத்தை வாடகைக் கம்பனியிடம் எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். ஆசனங்கள் நிரம்பினால் பெட்டிகளுக்கு இடம் குறையும். ஆளுக்கொரு சிறு துணிப் பை போதும்.

வண்டியில் இடம் கிடைத்துவிட்டது. எல்லையில் இடம் கிடைக்குமா? பிரித்தானியக் கடவுச்சீட்டு உடையோருக்கு இத்தகைய குறுகிய பிரயாணத்துக்கு வீசா வேண்டியதில்லை. ஆயினும், அக்கடவுச்சீட்டு பிரான்சில் நுழையும் நாளில் வழங்கப்பட்டுப் பத்து ஆண்டுகளுக்கு மேற்படாததாகவும், திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும் இருத்தல் வேண்டும். அம்மம்மா இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்தால், அவர் லண்டனிலேயே வசித்தாலும், ஷெங்கன் வீசா பெற்றாக வேண்டும். 2024 ஜூன் முதல் அதன் கட்டணம் வயது வந்தோருக்கு 90 யூரோ. பிரயாணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னரே விண்ணப்பிக்கலாம். கோடைக்காலத்தில் நேர ஒதுக்கீடு கிடைப்பது கடினமாதலால் இதுவே முதற் காரியம். யாழ்ப்பாணத்திலிருந்து விருந்தினராகச் செல்வோர் லண்டன் வீசா பிரான்சுக்கும் செல்லுமென்று நம்பி ஏமாறலாகாது. புறப்படுமுன் இலங்கையிலேயே இரண்டையும் பெற்று, லண்டன் வீசா மீண்டும் நுழைய இடந்தருகிறதா என்றும் பார்த்துக்கொள்வதே நன்று.

கட்டுச்சோறும் எல்லையும்

நம்மவர் பிரயாணமென்றால் கட்டுச்சோறு இல்லாமலா? உணவுச்சாலையில் ஒன்பது பேர் அமர்ந்தால் அது முழுவதும் தலைக் கணக்கு. ஆனால் 2021 முதல் பிரித்தானியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பிரயாணிகள் இறைச்சியும் பாற்பொருள்களும் கொண்டுபோகத் தடையுண்டு. கோழிக்கறி, தயிர்ச்சாதம், வெண்ணெய் தடவிய பாண் யாவும் எல்லையில் நின்றுவிடும். குழந்தைக்கான பால்மாவுக்கு அளவோடு விலக்குண்டு. பாலும் இறைச்சியும் சேராத புளிச்சோறு, இடியப்பமும் தேங்காய்ச் சம்பலும், பருத்தித்துறை வடை ஆகியன இருக்க நமக்கென்ன குறை?

பிரான்சு நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் அடிக்கடி இளைப்பாறும் இடங்கள் உண்டு. மர நிழல், மேசை, கழிவறை யாவும் இலவசம். பெற்றோலை மட்டும் நெடுஞ்சாலையில் வாங்காது, ஊருக்குள் பேரங்காடிகளின் நிலையத்தில் வாங்கினால் விலை குறைவு.

வீதியில்

நம் நாட்டைப் போலவே இங்கிலாந்திலும் வாகனங்கள் இடப்பக்கமாக ஓடுகின்றன. கலேயில் இறங்கியதும் யாவும் வலப்பக்கம். சுற்றுவட்டங்களில் கூடுதல் கவனம் வேண்டும். நெடுஞ்சாலையில் வேக எல்லை மணிக்கு 130 கிலோமீற்றர். மழை பெய்தால் 110. எச்சரிக்கை முக்கோணமும் ஒளிரும் மேலங்கியும் வண்டியில் இருப்பது கட்டாயம். முன்விளக்கின் ஒளி எதிரே வருவோர் கண்ணில் படாதவாறு திருத்த வேண்டும். 2021 செப்டெம்பர் 28 முதல், பழைய ஜீ.பி. என்ற அடையாளத்துக்குப் பதிலாக யூ.கே. என்ற எழுத்துகளே செல்லும். இவற்றுள் ஒன்றை மறந்து தண்டம் கட்டினால் மீதப்படுத்திய பணமெல்லாம் ஒரே நிமிடத்தில் போய்விடும்.

வழியில் ஏ 26 நெடுஞ்சாலையைச் சற்றே விட்டு விலகினால் விமி மேட்டைக் காணலாம். 1917 ஏப்ரலில் கனடாப் படைகள் பெரும் உயிரிழப்புடன் வென்ற போர்க்களம் அது. 1936 இல் திறக்கப்பட்ட வெண்கல் நினைவுத்தூண் அங்கே உயர்ந்து நிற்கிறது. பார்வையிடக் கட்டணமில்லை. விநோதப் பூங்காவுக்குச் செல்லும் மாணவர்கள் அரைமணி நேரம் அங்கே மௌனமாக நிற்பதும் ஒரு கல்வியே.

தங்குமிடமும் நாளும்

ஹோட்டல் அறையொன்றில் வழக்கமாக நால்வருக்கே இடம். ஒன்பதின்மருக்கு மூன்று அறைகள் வேண்டும். சமையலறையுடன் கூடிய வீடோ குடிலோ எடுத்தால் மீண்டும் இலாபம் நம் பக்கம். டிஸ்னி நிறுவனமே டேவி குரொக்கெட் என்னும் பெயரில் ஆறு பேர் தங்கக்கூடிய மரக்குடில்களைக் காட்டினுள் அமைத்திருக்கிறது. அங்கிருந்து பூங்காவுக்குச் செல்லச் சொந்த வண்டி வேண்டும். அதுதான் நம்மிடம் உண்டே. வால் டியூரோப் என்னும் கடைத்தொகுதியின் பேரங்காடியில் பாலும் கோழியும் வாங்கிச் சமைத்துக்கொள்ளலாம். ஊர்ச் சுவை தேடுவோர் வண்டியைத் தரிப்பிடத்தில் விட்டு, பூங்கா வாசலிலிருந்தே புகையிரதமேறி, பாரிஸின் லா சப்பல் பகுதித் தமிழ்க் கடைகளுக்கும் போய் வரலாம்.

நாளைத் தெரிவதில் ஓர் எச்சரிக்கை. பாடசாலை நாட்களில் நுழைவுச் சீட்டு மலிவு என்பதற்காகப் பிள்ளைகளை அனுமதியின்றி நிறுத்தினால் இங்கிலாந்தில் தண்டம் உண்டு. அதுவும் தலைக் கணக்கே. ஒவ்வொரு பிள்ளைக்காகவும் பெற்றோர் ஒவ்வொருவரும் 80 பவுண் கட்ட நேரலாம். நமது கற்பனைக் குடும்பத்தில் பாடசாலை செல்வோர் மூவர். ஆகவே 480 பவுண். 21 நாளுக்குள் கட்டாவிடின் அது இரட்டிக்கும். அதனினும் நல்ல வழி, இங்கிலாந்தில் விடுமுறையாகவும் பிரான்சில் பாடசாலை நாளாகவும் உள்ள தினங்களை இரு நாட்டு நாட்காட்டிகளையும் பார்த்துத் தெரிவதாகும்.

பூங்காவினுள்

நுழைவுச் சீட்டு தலைக் கணக்கின் உச்சம். மூன்று வயதுக்குட்பட்டோருக்கு இலவசம். 3 முதல் 11 வரை பிள்ளைச் சீட்டு. 12 முதல் முழுச் சீட்டு. நமது ஒன்பதின்மரில் முழுச் சீட்டு ஆறு, பிள்ளைச் சீட்டு இரண்டு, இலவசம் ஒன்று. விலை நாளுக்கு நாள் மாறுவதால் வார நடுவில் போவது நலம். சிறுவர் உள்ள குடும்பத்துக்கு ஒரு நாளில் ஒரு பூங்காவே போதும். இரண்டுக்கும் சீட்டு வாங்கி ஓடுவது காலுக்கும் கேடு, காசுக்கும் கேடு.

சில விளையாட்டுகளுக்கு உயர எல்லை உண்டு. சுரங்கப் புகையிரதம் போல ஓடும் பிக் தண்டர் மலைக்கு 102 சென்ரிமீற்றர். இந்தியானா ஜோன்ஸ் பெயரிலுள்ளதற்கு 140. பிள்ளைகளை வீட்டிலேயே அளந்து சொல்லிவிட்டால் வாசலில் கண்ணீர் இராது. கைக்குழந்தையுடன் ஒருவர் வெளியே நிற்க மற்றவர் ஏறிவந்து, பின்னர் மீண்டும் வரிசையில் நில்லாமலே இடம் மாறிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. உலகத்துச் சிறுவர் பொம்மைகள் ஆடிப்பாடும் படகுப் பயணமும், துயிலும் அழகியின் மாளிகையும், அதன் அடியில் உறுமும் பறவைநாகமும் அம்மம்மாவுக்கும் பேரனுக்கும் பொதுவானவை.

விரலுக்குத் தக்க வீக்கம் என்பார்கள். அது ஆசையை அடக்குவதற்காகச் சொன்னதன்று. அளந்து செய்வதற்காகச் சொன்னது. வீசாவுக்கும் நுழைவுச் சீட்டுக்கும் அம்மம்மா ஒரு தலையாக எண்ணப்படுவார், உண்மையே. ஆனால் சுரங்கத்திலும், சுங்கத்திலும், பெற்றோலிலும், வாடகை வீட்டிலும் அவர் வருவதால் கூடும் செலவு ஏதுமில்லை. ஆகவே "நான் வீட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்" என்று அவர் சொல்லும்போது, கணக்குப் புத்தகத்தை அவர் முன் விரித்துக் காட்டுங்கள். வீட்டைப் பூட்டும் திறப்பு ஒன்றே போதும். ஒன்பதாவது ஆசனம் அவருக்குரியது.