நுனியில்லாத கயிறு

திருவொற்றியூரில் நான் நாள்தோறும் கடந்து செல்லும் தெருவொன்றில், முள்வேலி முழுவதும் நீலச் சங்குப்பூ படர்ந்திருக்கிறது. காலையில் பூசைக்குப் பூப்பறிக்க வருகிறவர்களைத் தவிர அதை ஏறெடுத்துப் பார்ப்பவர் இல்லை. பூஞ்சையும் பாக்டீரியாவும் நிறைந்த மண்ணில் அது எவ்வாறு தழைக்கிறது? நம் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களைப் போன்ற காவலர்கள் செடிகளுக்கு இல்லை. வேதிப்பொருள்களே அவற்றின் படைக்கலங்கள்.

2011 ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இச்செடியிலிருந்து சில பெப்டைடுகளைப் பிரித்தெடுத்தனர். அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த சிறு சரமே பெப்டைடு. சங்குப்பூச் செடியின் சரத்தில் சுமார் 30 மணிகள் உள்ளன. அதன் இரு நுனிகளும் ஒன்றோடொன்று இணைந்து வளையமாகியுள்ளன. குறுக்கே மூன்று கந்தகப் பிணைப்புகள் முடிச்சிட்டிருக்கின்றன.

இதன் பயன் காசிமேட்டு மீனவர்களுக்கு உடனே விளங்கும். கயிறு பிரியத் தொடங்குவது நுனியில்தானே! புரதங்களைச் சிதைக்கும் நொதிகள் பலவும் நுனியிலிருந்தே கடிக்கின்றன. இங்கு நுனியே இல்லை. கொதிநீரில் இட்டாலும் இவ்வகை வளையம் எளிதில் குலைவதில்லை.

இனி நம் இயற்பியலுக்கு வருவோம். பாக்டீரியாவின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் மிகுதி. நம் உயிரணுக்களின் வெளிப்புறமோ ஏறத்தாழ மின்நடுநிலையில் உள்ளது. எனவே நேர்மின்னூட்டமுடைய பெப்டைடுகள் பாக்டீரியாவின்பால் ஈர்க்கப்படுகின்றன. பிறகு அதன் சவ்வைக் குலைக்கின்றன. உள்ளிருப்பவை கசிந்து பாக்டீரியா மடிகிறது.

இதில் ஏன் இத்தனை அக்கறை? 2010 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் உடன் ஆய்வாளர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். சென்னையில் கிடைத்த 44 பாக்டீரியா மாதிரிகளில் என்.டி.எம்-1 என்னும் நொதிக்கான மரபணு இருந்தது. வேறு மருந்துகள் பயன்படாதபோது மருத்துவர்கள் கையிலெடுக்கும் கார்பபெனம் மருந்துகளைக்கூட அந்நொதி வெட்டிவிடும். நொதி ஒன்றைப் பெற்றுக்கொள்வதைக் காட்டிலும், சவ்வையே மாற்றிக்கொள்வது பாக்டீரியாவுக்குக் கடினம். இயலாது என்று சொல்வதற்கில்லை.

அதற்காகச் சங்குப்பூத் தேநீர் காய்ச்சலைப் போக்கும் என்று எவரேனும் சொன்னால் நம்பிவிடாதீர்கள். சிங்கப்பூர் ஆய்வில் ஈ.கோலை பாக்டீரியாவைக் கொன்ற இரு பெப்டைடுகள், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மனிதப் புற்றுநோய் உயிரணுக்களையும் கொன்றன! பகைவனை இனங்காண மின்னூட்டம் மட்டும் போதவில்லை. சரத்தில் எந்த மணியை மாற்றினால் பாக்டீரியா மட்டும் மடியும், நம் உயிரணு தப்பும் என்பதே இத்துறை ஆய்வாளர்கள் முன்னுள்ள கணக்கு.