கரும்பலகையும் கைபேசியும் – 6: கை தூக்காத பிள்ளைகள்

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் வகுப்பே "புரிஞ்சுது சார்" என்று ராகம் போடும். "சரி, யார் சொல்றீங்க?" என்றால் வழக்கமாக எழும் நான்கைந்து கைகள்தான் எழும். மற்றவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது பரீட்சைத் தாள் திருத்தும்போதுதான் வெளிச்சத்துக்கு வரும். அதற்குள் அடுத்த பாடம் பாதி முடிந்திருக்கும்.

அவர்கள் மனதில் இருப்பதை அந்த நிமிடமே அறிய ஒரு செயலி, அறிந்த பிறகு கைகொடுக்க ஓர் இணையதளம்: இந்த வாரம் இரண்டையும் பார்ப்போம்.

செயலியின் பெயர் பிளிக்கர்ஸ். கஹூட் போன்ற வினாடி வினாச் செயலிகளுக்கு மாணவர்கள் கையிலும் கருவி வேண்டும். இதற்கு ஆசிரியரின் கைபேசி ஒன்றே போதும். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு காகித அட்டை. தளத்திலிருந்து இலவசமாக இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். கியூஆர் குறியீடு போலக் கறுப்பு வெள்ளை வடிவம் ஒன்று அட்டை முழுவதும் இருக்கும். அதன் நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. விடை பி என்றால் பி மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் கைபேசியை வகுப்பின் குறுக்கே மெல்ல நகர்த்தினால், யார் எந்த விடை சொன்னார்கள் என்பது திரையில் வந்துவிடும். ஒவ்வோர் அட்டையின் வடிவமும் வேறு. எட்டிப் பார்த்துக் காப்பியடிப்பது லேசில்லை. கூச்சப்படும் பிள்ளையும் தயங்காமல் விடை சொல்லும்.

இரண்டு நடைமுறைக் குறிப்புகள். பளபளக்கும் லேமினேஷன் வேண்டாம், வெளிச்சம் பட்டு மின்னினால் கேமராவுக்குப் பிடிபடாது. கெட்டி அட்டையில் ஒட்டினால் போதும். செயலியில் பிள்ளைகளின் முழுப்பெயரைப் பதியவும் வேண்டாம், வரிசை எண்ணே போதும்.

இனி, எதைக் கேட்பது? மின்னியல் பாடத்திலிருந்து ஒன்று. ஒரு பேட்டரி, ஒரே மாதிரியான இரண்டு பல்புகள், தொடரிணைப்பு. எது அதிகப் பிரகாசமாக எரியும்? பேட்டரியின் நேர்முனைக்குப் பக்கத்தில் இருப்பதா, எதிர்முனைக்குப் பக்கத்தில் இருப்பதா, இரண்டும் ஒன்றுபோலவா, இரண்டுமே எரியாதா? கரும்பலகையில் படம் வரைந்து, அட்டையைத் தூக்கச் சொல்லுங்கள். முதல் பல்பு மின்னோட்டத்தைக் கொஞ்சம் 'தின்றுவிடும்', மீதிதான் அடுத்ததற்குப் போகும் என்று நம்பும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. சூத்திரத்தைப் பிழையில்லாமல் ஒப்பிப்பவர்களும் அதில் அடக்கம்.

சரியான விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்திலிருந்து கையாண்டுவரும் முறை இது: முதலில் தனித்தனியாக விடை, பிறகு, வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரோடு வாதம், பிறகு மீண்டும் விடை. வகுப்பில் சுமார் 30 முதல் 70 விழுக்காட்டினர் சரியாகச் சொல்லியிருந்தால் இந்த வாதம் நன்றாகச் சூடுபிடிக்கும். அதற்கும் குறைவு என்றால் பாடத்தையே இன்னொரு முறை நடத்துவது நல்லது.

வாதம் முற்றியதும் பெட் தளத்தைத் திறங்கள். இயற்பியலுக்கு 2001இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் இது. சில பாவனைச் சோதனைகள் தமிழிலும் உண்டு. மின்சுற்று அமைக்கும் சோதனையில் ஒயர், பேட்டரி, பல்பு எல்லாவற்றையும் விரலால் இழுத்து வைத்துப் பூட்டலாம். எலெக்ட்ரான்கள் நீலப் புள்ளிகளாக ஊர்ந்து போவது கண்ணுக்குத் தெரியும். 9 வோல்ட் பேட்டரியோடு 10 ஓம் பல்புகள் இரண்டைத் தொடராக இணையுங்கள். அம்மீட்டரை முதல் பல்புக்கு முன்னால் வைத்தாலும், நடுவில் வைத்தாலும், கடைசியில் வைத்தாலும் 0.45 ஆம்பியர்தான் காட்டும். எதுவும் தின்னப்படவில்லை! அதே பல்புகளைப் பக்க இணைப்பில் போட்டால் ஒவ்வொன்றிலும் 0.9 ஆம்பியர். பேட்டரியின் இரு முனைகளையும் வெறும் ஒயரால் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும்; பிள்ளைகள் இதை மறக்கவே மாட்டார்கள்.

பள்ளியில் இணையம் இழுபறி என்றால், சோதனையை வீட்டிலேயே மடிக்கணினியில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். இணையம் இல்லாமலே ஓடும்.

திரையோடு நிறுத்திவிடவும் கூடாது. டார்ச் செல்லும் பல்பும் கொண்டு செய்து பார்க்கட்டும். கடையில் வாங்கிய இரண்டு பல்புகள் அச்சு அசலாக ஒன்றுபோல் எரியாமல் போகலாம். "ஏன் சார்?" என்று கேள்வி வரும். அம்மீட்டர் இருந்தால் அதையும் இணையுங்கள். மின்னோட்டம் எங்கும் ஒன்றுதான், வேறுபாடு பல்புகளின் மின்தடையில் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

வரிசை மட்டும் மாறக் கூடாது: முதலில் ஊகம், அடுத்து வாதம், கடைசியில் திரை. திரையை முதலில் காட்டினால் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். ஊகத்தில் பந்தயம் கட்டியவர்கள்தான் விடையைத் தேடிப் பார்ப்பார்கள்.

(அடுத்த வாரம்: ஜியோஜீப்ராவில் ஒரு முக்கோணத்தை இழுத்து விளையாடுவோம்.)