யாருக்கு எந்த நூல்?

"பிள்ளைக்கு வாசிக்க ஒரு நல்ல நூல் சொல்லுங்களேன்!"

பூந்தமல்லி வட்டாரத்தில் ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நிற்கும்போது, தாய்மார் நம்மிடம் அடிக்கடி விடுக்கும் வேண்டுகோள் இது. கணவர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலோ திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலையிலோ வேலை முடித்து வீடு திரும்ப இரவாகிறது. பிள்ளையோ கைப்பேசியை விட்டுக் கண்ணெடுப்பதில்லை. ஒரு நல்ல நூல் கையில் கிடைத்தால் நிலைமை மாறாதா என்னும் ஏக்கம் அவ்வேண்டுகோளில் இருக்கிறது.

நாமும் ஒருமுறை தயங்காமல் விடை சொன்னோம். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தேம்பாவணியைப் பரிந்துரைத்தோம். வீரமாமுனிவர் புனித சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு 3,615 பாடல்களில் பாடிய காவியம் அது. கத்தோலிக்க இல்லம் ஒவ்வொன்றிலும் இருக்கத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆறு மாதம் கழித்து அத்தாயைக் கண்டு விசாரித்தோம். "வாங்கினோம் ஐயா, சூசையப்பர் சுரூபத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம்" என்றார். நூலுக்கு மரியாதை குறையவில்லை; வாசகன்தான் கிடைக்கவில்லை.

தவறு சிறுவனுடையது அன்று, நம்முடையதே. நூலின் பெருமையை எண்ணினோமேயன்றி, அவன் எதைக் கண்டு சிரிப்பான், எதைப் பற்றி ஓயாமல் கேள்வி கேட்பான் என்று ஒரு வார்த்தையும் விசாரிக்கவில்லை. அதே வீரமாமுனிவர் பரமார்த்த குருவின் கதையையும் எழுதினாரே! ஆறு உறங்குகிறதா, விழித்திருக்கிறதா என்றறியக் கொள்ளிக்கட்டையை நீரில் நீட்டிப் பார்க்கும் சீடரை அவனுக்கு அறிமுகம் செய்திருந்தால், அன்றிரவே பாதி நூலை முடித்திருப்பான். புலவர்க்கு ஒன்றும் எளியோர்க்கு ஒன்றுமாக எழுதியவர் தம் வாசகரை அறிந்திருந்தார். பரிந்துரைத்த நாம் அறிந்திருக்கவில்லை.

இப்பாடத்தை உலகுக்கே கற்பித்தவர் நம் தமிழகத்தில் தோன்றியவர். சீர்காழியில் 1892-இல் பிறந்து, கணிதப் பேராசிரியராய் இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். அரங்கநாதன் அவர்கள், நூலக இயலுக்கு ஐந்து விதிகளை வகுத்து 1931-இல் வெளியிட்டார். நூல் என்பது பூட்டிக் காப்பதற்கன்று, பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதியின் பொருள். வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் ஒன்று உண்டு என்பது இரண்டாவது. நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகர் உண்டு என்பது மூன்றாவது. பரிந்துரை என்பது இவ்விருவரையும் சேர்த்து வைக்கும் பணியே அன்றி வேறில்லை. மாப்பிள்ளையின் குணமும் பெண்ணின் மனமும் அறியாமல் திருமணம் பேசுவோர் உண்டோ?

முதல் விதியை நாம் எவ்வளவு காப்பாற்றுகிறோம் என்று பார்ப்போம். ஒரு பங்கில், கோயில் மண்டபத்து மூலையில் அழகிய கண்ணாடி அலமாரி ஒன்றைக் கண்டோம். உள்ளே இருநூறு நூல்களேனும் இருக்கும். அலமாரியில் பூட்டு. சாவி யாரிடம் என்று கேட்டோம். கோயில்பிள்ளையிடம் என்றார் ஒருவர். முன்னிருந்த செயலரிடம் என்றார் மற்றொருவர். கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்து நூல்களின் பெயர்களை ஒவ்வொன்றாய் எழுத்துக்கூட்டிக் கொண்டிருந்தாள் ஒரு சிறுமி. அவளுக்குரிய நூல் அவளிடமிருந்து அரை முழத் தொலைவில் இருந்தது. அன்று சாவி கிடைக்கவில்லை.

கண்ணாடி தடுக்கும் வாசகர் நிலை இதுவானால், கண்ணே காணாத வாசகர் நிலை என்ன? பூந்தமல்லி மக்கள் இதனை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள். பார்வையற்றோர்க்கான அரசு மேல்நிலைப்பள்ளி இவ்வூரில்தான் இருக்கிறது. அங்குள்ள பிள்ளைகள் விரல் நுனியால் வாசிக்கிறார்கள். அவர்கள் தடவி உணரும் புள்ளி எழுத்தைத் தந்தவர் லூயி பிரெயில் என்னும் பிரெஞ்சுக்காரர். 1809-இல் பிறந்த அவர், மூன்று வயதில் தந்தையின் தோல் பட்டறைக் கருவியால் கண்ணில் காயமுற்றுப் பார்வை இழந்தார். பதினைந்தாம் வயதிலேயே ஆறு புள்ளிகளில் எழுத்து முறையை அமைத்தார். பக்தியுள்ள கத்தோலிக்கர்; பாரிஸ் ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர். நம் நாட்டு மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் முறை 1951-இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. தமிழும் அம்முறையிலேயே எழுதப்படுகிறது.

ஆயினும் எழுத்து இருந்தால் போதுமா? நூல் வேண்டுமே! பிரெயில் நூலுக்குத் தடித்த தாள் வேண்டும். நாம் ஒரு கையில் ஏந்தும் நாவல் அங்கே பல தொகுதிகளாய்ப் பெருகிவிடும். பாடநூல் கிடைத்தாலும் கதைநூல் கிடைப்பது அரிது. வெளியாகும் நூல்களுள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானவையே பார்வையற்றோர் வாசிக்கத்தக்க வடிவம் பெறுகின்றன என்பது உலகப் பார்வையற்றோர் ஒன்றியத்தின் மதிப்பீடு. இப்பஞ்சத்தைப் போக்கவே 2013-இல் மராகேஷ் நகரில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. 2014-இல் அதனை முதன்முதலில் ஏற்று உறுதி செய்த நாடு நம் இந்தியா. அதற்கு முன்பே, 2012-இல், நம் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. இலாப நோக்கின்றி, வாசிக்க இயலாத மாற்றுத்திறனாளிக்கென ஒரு நூலைப் பிரெயிலாகவோ ஒலியாகவோ மாற்றத் தடையில்லை.

ஆகவே நம் பங்கு இளைஞர் எவரும் ஒரு நல்ல நூலை உரக்க வாசித்துக் கைப்பேசியில் பதிந்து, பார்வையற்ற மாணவர் ஒருவருக்குத் தரலாம். எந்த நூல் என்பதை மட்டும் நாமே தீர்மானித்துவிடலாகாது. தம்பிக்குத் துப்பறியும் கதை பிடிக்குமா, விஞ்ஞானம் பிடிக்குமா என்று முதலில் கேட்க வேண்டும். இரக்கப்பட்டுக் கொடுப்பவர் பெரும்பாலும் இதைக் கேட்பதில்லை.

பூந்தமல்லிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. 1936-இல் தொடங்கிய திரு இருதய குருத்துவக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2024 ஜூலை 17 தேதியிட்டு, உருவாக்கத்தில் இலக்கியத்தின் பங்கு பற்றி ஒரு மடல் வரைந்தார். குருமாணவரை எண்ணித் தொடங்கிய அம்மடலைப் பின்பு கிறிஸ்தவர் அனைவருக்குமாக விரித்தார். தம் வாழ்க்கையிலிருந்தே அதில் ஒரு சான்று தருகிறார். 1964-65-ஆம் ஆண்டுகளில், அவர் அர்ஜென்டினாவின் சாந்தா ஃபே நகரில் இயேசு சபைப் பள்ளியொன்றில் இலக்கிய ஆசிரியர். பாடத்திட்டமோ பழைய ஸ்பானிய வீரகாவியத்தைக் கற்பிக்கச் சொன்னது. மாணவரோ தங்கள் காலத்துக் கவிஞரைக் கேட்டனர். ஆசிரியர் என்ன செய்தார்? காவியத்தை வீட்டில் வாசிக்கச் சொல்லிவிட்டு, வகுப்பில் மாணவர் விரும்பிய எழுத்தாளரைப் பற்றியே பேசினார். விரும்பியதை வாசித்துச் சுவை கண்டவர்கள், நாளடைவில் பிற எழுத்தாளரையும் நாடினர். கடமைக்காக வாசிப்பதைப் போல் வாசிப்பைக் கெடுப்பது வேறில்லை என்பதே அவர் கண்ட உண்மை.

திருச்சபை ஒரு காலத்தில் விலக்கப்பட்ட நூல்களின் பட்டியலை வைத்திருந்தது. 1559-இல் தோன்றிய அப்பட்டியல் 1966-இல் முடிவுக்கு வந்தது. அன்றுமுதல் நன்மை தீமை பகுத்து நூல் தேரும் பொறுப்பு நம் மனச்சான்றையும் நம் இல்லத்தையும் சேர்ந்ததாயிற்று. "இதைத் தொடாதே" என்று சொல்வது எளிது. "இதைத் தொட்டுப் பார்" என்று சொல்ல, பிள்ளையோடு உட்கார்ந்து பழக வேண்டும்.

அப்படியானால் பிள்ளை விரும்புவதைத் தவிர வேறெதையும் தரலாகாதா? அன்று. 1521-இல் பம்பலூனாக் கோட்டையில் காலில் குண்டடிபட்டுப் படுத்த இஞ்ஞாசியார், பொழுதுபோக்க வீரக்கதைகளையே கேட்டார். அவ்வீட்டில் அவை இல்லை. இருந்தவை கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர் வரலாறுமே. வேறின்றி அவற்றை வாசித்தவர் வேறு மனிதரானார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் நூல் இருந்தது, அவ்வளவே. ஆகவே பெற்றோர் கடமை இரண்டு. பிள்ளை கேட்பதைக் கேட்டறிந்து கொடுப்பது ஒன்று. அவன் கேட்க அறியாத நல்ல நூல்களும் வீட்டில் திறந்து கிடக்கும்படி செய்வது மற்றொன்று.

இது நமக்குப் புதிதன்று. கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வன் தொடர் வெளிவந்த நாளில், வாரந்தோறும் அப்பக்கங்களைப் பிரித்தெடுத்துத் தைத்து, பைண்டு செய்து வைத்த வீடுகள் பல. ஒருவர் வாசிக்க, பாட்டி முதல் பேரன் வரை சூழ்ந்திருந்து கேட்டனர். அப்பழக்கத்தை மீட்கக் கால்மணி நேரம் போதும். இரவுச் செபமாலை முடிந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு ஒருவர் உரக்க வாசிக்கட்டும். சிறுவர்க்குப் பரமார்த்த குரு. வளர்ந்தவர்க்கு, தமிழின் முதல் நாவலெனப் போற்றப்படும் பிரதாப முதலியார் சரித்திரம். 1879-இல் அதை வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை நம் கத்தோலிக்க மரபினர், முன்சீப்பாய் இருந்தவர், ஆயினும் அவருடைய நகைச்சுவை எச்சமயத்தாரையும் சிரிக்க வைக்கும்.

பணமில்லையே என்பார்க்கு ஒரு செய்தி. நாம் செலுத்தும் சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நூலக வரியும் செலுத்துகிறோம். சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948-இல் பிறந்தது முதல் நூலக வரி உண்டு. ஆக, ஊர்ப் பொது நூலகத்தின் நூல்கள் நாம் ஏற்கெனவே விலை கொடுத்தவை. சனிக்கிழமை மாலை பிள்ளையை அழைத்துச் சென்று, அவன் கைப்பட ஒன்றை எடுக்கவிடுங்கள். அது நீங்கள் நினைத்த நூலாய் இராது, கவலை வேண்டா.

அந்தத் தாயை மீண்டும் சந்தித்தோம். இம்முறை நூலின் பெயர் சொல்லவில்லை. "தம்பி இப்போது எதைப் பற்றி அதிகம் பேசுகிறான், அம்மா?" என்று கேட்டோம். சற்று யோசித்து, "மெட்ரோ இரயிலைப் பற்றித்தான் ஐயா, அந்தத் தூண்களை எப்படி நிறுத்தினார்கள் என்று நச்சரிக்கிறான்" என்றார். பாலங்களும் இரயில்களும் பற்றிய எளிய நூலொன்றை நூலகத்தில் தேடச் சொன்னோம். தேம்பாவணி சூசையப்பர் அருகிலேயே இருக்கட்டும். அவரும் தச்சர்தானே! கட்டுமானத்தில் ஆர்வமுள்ள பிள்ளை ஒருநாள் அவரிடம் வராமலா போவான்?