மின்னஞ்சலும் நமது அந்தரங்கமும்

2009இல் உடையார்கட்டிலிருந்து இடம்பெயர்ந்தபோது காணி உறுதியைத் தொலைத்த குடும்பங்கள் பல. இன்று உறுதி, அடையாள அட்டை ஆகியவற்றின் பிரதிகளை வெளிநாட்டு உறவினருக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறோம். நல்லதே, ஆனால் கவனம் தேவை.

மின்னஞ்சல் ஒட்டி மூடிய கடிதமன்று. அது சேவை வழங்கும் நிறுவனத்தின் கணினியில் தங்கியிருக்கும். 2013இல் யாகூ நிறுவனத்தின் 300 கோடிக் கணக்குகளின் விபரங்கள் களவுபோயின.

ஆகவே கடவுச்சொல்லைக் கடைக்காரரிடமும் சொல்லாதீர்கள். கடைக் கணினியில் வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். அங்கே பதிந்த பிரதியை அழித்துவிடுங்கள். கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை எவருக்கும் கொடுக்காதீர்கள்.

தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இல் இலங்கையில் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் களவுபோன விபரத்தைச் சட்டம் மீட்டுத் தராது, முதற்காவல் நாமே.