தூக்கியவர், தொட்டவர், தள்ளி உட்கார்ந்தவர்

குழந்தைகள் வார்டில் ஒரு குழந்தைக்கு ஆர்.எஸ்.வி. வந்தால், சில நாளில் பார்த்துக்கொள்பவர்களும் தும்மத் தொடங்குவார்கள். இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் ஒருமுறையாவது பிடித்துவிடும் சளி வைரஸ் இது. பெரியவர்களுக்கு எந்த வழியாகத் தொற்றுகிறது?

அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகக் குழந்தை மருத்துவர் கரோலின் ஹால், இதைக் கண்டுபிடிக்கத் தன்னார்வலர்களை மூன்று குழுவாக்கினார். முதல் குழுவினர் நோயுற்ற குழந்தையைத் தூக்கிக் கொஞ்சி, பாலூட்டி, துணி மாற்றினார்கள். இரண்டாம் குழுவினர் குழந்தை இல்லாத நேரத்தில் அறைக்குள் வந்து, அதன் சளி பட்ட இடங்களைத் தொட்டு, அதே கையால் தங்கள் கண்ணையும் மூக்கையும் தடவிக்கொண்டார்கள். மூன்றாம் குழுவினர் தொட்டிலுக்கு ஆறடி தள்ளிச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

முடிவு 1981இல் வெளிவந்தது. தூக்கிய 7 பேரில் 5 பேருக்குத் தொற்று. தள்ளி உட்கார்ந்த 14 பேரில் ஒருவருக்கும் இல்லை. குழந்தையைத் தொடவே தொடாத இரண்டாம் குழுவில், 10 பேரில் 4 பேருக்கு வந்திருந்தது!

வெளியே வந்த வைரஸ் எவ்வளவு நேரம் தாங்கும்? ஹால் குழுவினர் அதையும் அளந்திருந்தார்கள். குழந்தையின் சளியில் இருந்த வைரஸ் மேடைப் பரப்பில் 6 மணி நேரம் வரை பிழைத்தது. ரப்பர் கையுறையில் ஒன்றரை மணி நேரம்; துணியிலும் டிஷ்யூ தாளிலும் 30 முதல் 45 நிமிடம்; தோலில் 20 நிமிடம். அருவருத்து ஒதுக்கும் சளித் துணியில் சீக்கிரம் செத்துப்போகிற கிருமி, வழவழப்பான மேடையில்தான் அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறது.

தோலில் 20 நிமிடம்தானே என்று தோன்றலாம். ஆனால் அதற்குள் நாம் எத்தனை முறை கண்ணைக் கசக்குகிறோம், மூக்கைத் தேய்க்கிறோம்! ஆர்.எஸ்.வி. உள்ளே நுழைய அந்த இரண்டு வாசல்களே போதும். வாய்வழியாக அது அவ்வளவு எளிதில் தொற்றுவதில்லை என்பதையும் ஹால் சோதித்துக் காட்டினார்.

எல்லாச் சளி வைரஸும் இப்படியே பரவுகிறது என்று சொல்லிவிட முடியாது. 1987இல் விஸ்கான்சின் ஆய்வாளர்கள் ரைனோ வைரஸ் என்ற இன்னொரு சளி வைரஸ் தொற்றியவர்களை 12 மணி நேரம் சீட்டாட வைத்தார்கள். அவர்கள் கையில் பிசுபிசுத்த சீட்டுகளை வேறோர் அறையில் 12 பேர் வாங்கி ஆடி, முகத்தையும் தொட்டுக்கொண்டார்கள். ஒருவருக்கும் தொற்றவில்லை. நோயாளிகளோடு ஒரே மேசையில் ஆடியவர்களுக்கோ, முகத்தைத் தொட முடியாதபடி தடுத்தும் தொற்றியது. அங்கே காற்றே வழியாக இருந்தது.

காற்றைத் தடுப்பது கடினம். கையைத் தடுப்பது எளிது. ஆர்.எஸ்.வி.யைச் சுற்றியிருக்கும் கொழுப்பு உறையைச் சோப்பு உடைத்துவிடும். பொம்மை, மேசை, கதவுப்பிடி என்று குழந்தை தொட்டதையெல்லாம் நாள் முழுக்கத் துடைத்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது. மூக்கைத் துடைத்துவிட்ட கையை, அது நம் கண்ணுக்குப் போவதற்குள் கழுவ முடியும்.