எல்லா பார்ட்டும் ஓகே, சேட்டிலைட் மட்டும் போச்சு!

ப்ராஜெக்ட்ல உங்க கோடு தனியா ஓடும், நண்பன் கோடும் தனியா ஓடும், சேர்த்தா மட்டும் ஓடாது இல்லையா? அதுவே விண்வெளியில நடந்தா?

ஹிடோமி, ஜப்பானின் ஜாக்ஸா, நாசாவோட சேர்ந்து 2016 பிப்ரவரி 17-ல் ஏவிய எக்ஸ்ரே தொலைநோக்கி. அதன் சென்சார் 0.05 கெல்வின் குளிரில் பெர்சியஸ் கேலக்ஸி கூட்டத்தை அருமையா அளந்தது. மார்ச் 26-ல் கதை முடிஞ்சது.

நிலையா நின்ன சேட்டிலைட் சுத்துதுன்னு மென்பொருள் தப்பா கணக்கு போட்டது. அதை நிறுத்தப்போய் நிஜமாவே சுத்த விட்டது. கடைசியா காப்பாத்த வந்த த்ரஸ்டருக்கு, சில வாரம் முன்னாடி ஏற்றிய எண்களே தப்பு! நீட்டுற தண்டு விரிஞ்சதும் எடைப் பரவல் மாறும், அதுக்காகப் போட்ட புது எண்கள் அவை. ஏற்றும் முன் யாரும் ஒழுங்கா சரிபார்க்கல. சுழற்சி கூடி, சோலார் பேனல்கள் பிய்ஞ்சு போச்சு.

2023 செப்டம்பர் 7-ல் மாற்றாக எக்ஸ்ரிஸம் போனது. சென்சார் நாசாவுடையது, அதைக் குளிர்விக்கும் டியூவர் ஜப்பானுடையது, ஃபில்டர் சக்கரம் ஐரோப்பாவுடையது. இந்த முறை ஜாக்ஸாவுக்கு எது, தயாரிக்கும் நிறுவனத்துக்கு எதுன்னு பொறுப்பை முதல்லயே பிரிச்சாங்க. என்னைக் கேட்டா, புது சென்சாரைவிட இதுதான் பெரிய மாற்றம்.

இருந்தும், விண்வெளிக்குப் போனதும் டியூவரின் கதவு திறக்க மறுத்தது. மூடிய கதவிலுள்ள பெரிலியம் ஜன்னல் வழியாவே பார்க்க ஆரம்பிச்சாங்க. குறைந்த ஆற்றல் எக்ஸ்ரே பெரும்பாலும் அங்கேயே நின்னுடுது.