நிரல்களின் தனிக்குடித்தனம்

2024 ஜூனில் நம்பை 2.0 வெளிவந்தது. பைத்தான் மொழியில் எண்களோடு மல்லுக்கட்டுகிறவர்கள் அநேகமாக எல்லோரும் பயன்படுத்தும் நூலகம் அது. 2006இல் வந்த 1.0க்குப் பிறகு அதில் நிகழ்ந்த பெரிய மாற்றம் இதுதான். பழைய பெயர்கள் சில நீக்கப்பட்டன. முந்தைய பதிப்புக்கென்று தொகுக்கப்பட்ட வேறு சில நூலகங்கள் புதியதோடு ஓட மறுத்தன. ஏதோ ஒரு புது வேலைக்காக இதை நிறுவியவர்கள், நேற்றுவரை ஓடிய பழைய நிரல் படுத்துவிட்டதைப் பார்த்துத் திகைத்தார்கள். பழைய நிரலில் ஓர் எழுத்தைக்கூட யாரும் தொட்டிருக்கவில்லை.

ஒரே அடுக்களையில் இரண்டு வேலைகள் நடந்ததால் வந்த வினை இது. பைத்தான் தன் நூலகங்களை வைக்கும் இடத்தில், ஒரு நூலகத்துக்கு ஒரு பதிப்புதான் குடியிருக்க முடியும். புதியது வந்தால் பழையது வெளியேறும்.

ஒவ்வொரு வேலைக்கும் தனிக்குடித்தனம் வைத்துவிடலாம் என்று 2007இல் இயான் பிக்கிங் 'வர்ச்சுவல்என்வ்' கருவியை எழுதினார். 2012இல் பைத்தான் 3.3 வந்தபோது, 'வென்வ்' என்ற பெயரில் இந்த வசதி மொழியோடேயே சேர்ந்து வந்தது. டெர்மினலில் ஒரே வரி அடித்தால் தனிச்சூழல் தயார்.

அதன் உள்ளமைப்பு வியக்கத்தக்க அளவுக்கு எளிது. அது வெறும் ஒரு கோப்புறை. லினக்ஸில் அதற்குள் ஏற்கெனவே இருக்கும் பைத்தானைச் சுட்டும் இணைப்பு ஒன்று, நூலகங்களுக்கான இடம், ஒரு சின்ன உரைக்கோப்பு ஆகியவை இருக்கும். பைத்தான் தொடங்கும்போது தன் பக்கத்திலோ ஒரு படி மேலேயோ அந்த உரைக்கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால், கூடுதல் நூலகங்களைப் பொதுவிடத்தில் தேடாமல் இந்தக் கோப்புறையில் தேடும். நடுவே சுவர் எதுவும் எழுப்பப்படுவதில்லை. ஆகவே நச்சு நூலகத்திடமிருந்து இது காப்பாற்றாது. அதற்கு வேறு ஏற்பாடுகள் வேண்டும்.

சூழலை 'ஆக்டிவேட்' செய்வதிலும் பெரிய மர்மம் இல்லை. ஷெல் கட்டளைகளைத் தேடும் பாதைப்பட்டியலில் இந்தக் கோப்புறை முதலிடத்துக்கு வருகிறது, அவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்டால் தானியக்கம் பாதி முடிந்தது. இரவில் தானாக ஓட வேண்டிய ஸ்கிரிப்டில் ஆக்டிவேட் வரியை எழுதிவிட்டு அவதிப்படுகிறவர்கள் பலர். அந்தக் கோப்புறையில் உள்ள பைத்தானை முழுப் பாதையோடு அழைத்தாலே போதும்.

சூழலைக் கையால் அமைப்பதில் என்ன குறை? 2019இல் பிமென்டெலும் உடன் ஆய்வாளர்களும் கிட்ஹப் நிரல் களஞ்சியத்திலிருந்து சுமார் 14 லட்சம் ஜூபிட்டர் நோட்புக்குகளை (ஆய்வாளர்கள் நிரலையும் விடையையும் ஒன்றாக வைக்கும் கோப்புகள்) திரட்டி, ஓட்டத்தக்க 8.6 லட்சத்தை ஓட்டிப் பார்த்தார்கள். பிழையின்றி ஓடியவை ஏறத்தாழ 24 விழுக்காடு. எழுதியவருக்குக் கிடைத்த அதே விடை வந்தது 4 விழுக்காட்டில்தான். தேவையான நூலகம் இல்லாததே மிக அதிகமாகத் தென்பட்ட கோளாறு. எழுதியவரின் கணினியில் அது இருந்தது; என்றோ நிறுவியதை எங்கும் குறித்துவைக்கவில்லை. அறிவியலில் இது சின்ன இழப்பல்ல.

ஆகவே நான் மதிப்பது சூழலை அல்ல, அதை எழுப்பும் ஸ்கிரிப்டைத்தான். அதற்கு நாலைந்து வரி போதும்: பழைய கோப்புறையை அழி, புதியதை உருவாக்கு, துல்லியமான பதிப்பு எண்களோடு உள்ள பட்டியலிலிருந்து நூலகங்களை நிறுவு, சோதனையை ஓட்டு. டக் ஹெல்மேன் எழுதிய 'வர்ச்சுவல்என்வ்ராப்பர்' ஒரே கட்டளையில் சூழலை உருவாக்கி, உள்ளே நுழைந்து, நாம் சொல்லிவைத்த சில்லறை வேலைகளையும் முடித்துத் தந்தது. வேலை முடிந்து வெளியேறியதும் தானே அழிந்துபோகும் தற்காலிகச் சூழலும் அதில் உண்டு. 2024இல் ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டு வந்த 'யூவி' சூழலை உருவாக்கி நூலகங்களை நிறுவும் வேலையைப் பல மடங்கு வேகமாகச் செய்கிறது.

தனிச்சூழலை இப்போது இயங்குதளமே வற்புறுத்துகிறது. 2023இல் வந்த டெபியன் 12 என்ற லினக்ஸ் வகை, தன் சொந்தப் பைத்தானில் 'பிப்' என்ற நிறுவல் கருவி கொண்டு நூலகங்களை நேரடியாக நிறுவ விடுவதில்லை. தன் கருவிகள் சில அதையே நம்பியிருப்பதால் முன்கூட்டியே தடுக்கிறது.

மாதம் ஒருமுறை என் சூழல்களை முழுவதுமாக அழித்துவிட்டு ஸ்கிரிப்டை ஓட்டுகிறேன். ஏதாவது ஒன்று ஓடவில்லை என்றால், இடையில் கையால் நிறுவிவிட்டுப் பட்டியலில் சேர்க்க மறந்த நூலகம் எது என்பது அப்போதே தெரிந்துவிடும்.